வெர்லீன் வீட்டுச் சுமாக்

கருப்பு வால்நட்டை உடைக்கச் சுத்தியலை விட்டால் வேறு வழியில்லை, தம்பி. கடையில் விற்கிற இடுக்கியெல்லாம் வெளியூர் வால்நட்டுக்குத்தான் லாயக்கு. நம் மிசூரிக் கொட்டையிடம் அதைக் கொண்டுபோனால் இடுக்கிதான் உடையும். அவ்வளவு பாடுபட்டுச் செய்கிற கேக் இது, யாருக்கும் சும்மா வெட்டிக் கொடுப்பதில்லை. நீங்கள் கூச்சப்படாமல் சாப்பிடுங்கள். வேளாண் அலுவலகத்திலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு அவசரம் என்று தெரியும். பன்னிரண்டு மணிக்குள் வெர்லீனையும் அவளுடைய ஐந்து தக்காளியையும் கவுண்டி விவசாயக் கண்காட்சித் திடலில் இறக்கிவிட வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் பதிவு மேசையை மடக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் கவர்னரே தக்காளியோடு வந்து நின்றாலும் வாங்க மாட்டார்கள். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவள் வண்டி ஓட்டுவதில்லை. அந்த ஐந்து தக்காளியை நம்பித்தான் இந்த ஊரிலேயே இருப்பதா, வீட்டை விற்றுவிட்டு நெவாடாவில் அக்காவிடம் போவதா என்று முடிவு செய்யப் போகிறாள். இதெல்லாம் அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாதவள். நேரம் நிறைய இருக்கிறது, காபியைக் குடியுங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். நேற்று அவள் வீட்டு மண்ணைச் சோதிக்கப் போனீர்கள். தக்காளிப் பாத்தியை ஒட்டி இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மரம் நின்றது. என்ன மரம் என்று கேட்டதற்கு, வேலியோரப் புதராக வளருமே, அந்தச் சுமாக் என்றாள். யார் சொன்னது என்றால், ஆர்ஃபா ஸ்டோக்கர் சொன்னாள் என்றாள். ஆர்ஃபா ஸ்டோக்கர் என்றால் நான்தான், உங்கள் அலுவலகத்தின் தொண்டர். இந்த ஊரில் யார் வீட்டில் எது முளைத்தாலும் இலையைப் பறித்துக்கொண்டு என் சமையலறைக்குத்தான் வருவார்கள். அதனால் அவளிடம் ஒன்றும் சொல்லாமல், மரியாதைக்கு முதலில் என்னிடம் வந்து, தவறுதலாகச் சொல்லிவிட்டீர்களா அம்மா என்று கேட்கிறீர்கள். நல்ல வளர்ப்பு உங்களுக்கு.

தவறுதலாகச் சொல்லவில்லை. அது கருப்பு வால்நட் என்று அது ஒரு சாண் உயரம் இருக்கும்போதே எனக்குத் தெரியும்.

அதில் குழப்பத்துக்கு இடமே இல்லையே. ஒரு காம்பில் இரண்டு பக்கமும் வரிசையாக இலை. நுனியில் இருக்க வேண்டிய இலை மட்டும் இருக்காது, இருந்தாலும் சவலைப் பிள்ளை மாதிரி இருக்கும். இலையைக் கசக்கினால் காரமும் எலுமிச்சையுமாக ஒரு வாசம். இலை உதிர்ந்த இடத்தில் கிளையைப் பார்த்தால் ஒரு குரங்கு முகம் நம்மையே பார்க்கும். குச்சியை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே ஏணிப்படி மாதிரி அறை அறையாக இருக்கும். சுமாக்கை ஒடித்தால் பால் வடியும். இதையெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெர்லீனுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் புருஷன் ஹார்லன் அவளை நெவாடாவில் எல்கோ என்கிற ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். பாலைவனம். பத்து மைலுக்கு ஒரு புதர், அந்தப் புதரிலும் பாதி காய்ந்திருக்கும். இங்கே வந்து இறங்கிய அன்று எங்கள் பின்வேலியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பச்சையை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அவள் வாசல் அந்தத் தெருவில், என் வாசல் இந்தத் தெருவில், பின்வேலி ஒன்று. வேலியில் ஒரு படல் வைத்துக்கொண்டோம். தினமும் காலைக் காபி என் வீட்டில்தான். அவளுக்கு நிமோனியா வந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியது நான். ஹார்லன் போனபோது அவள் தலையைத் தாங்கிப் பிடித்ததும் நான்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்றதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

தக்காளி விஷயம் வேறு. கண்காட்சியில் ஒரு காகிதத் தட்டில் ஐந்து தக்காளி வைக்க வேண்டும், ஐந்தும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். வெர்லீன் வருவதற்கு முன் முதல் பரிசான நீல ரிப்பன் வருடா வருடம் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வந்த மறு வருடமே, தக்காளிச் செடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பெண், நான் கொடுத்த நாற்றை நட்டு, நான் சொன்ன பக்குவத்தில் வளர்த்து, நீல ரிப்பனை வாங்கிக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் உன்னாலதான்டி. இது உன் ரிப்பன்."

என் ரிப்பன் என்றால் என்னிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனக்கு இரண்டாம் பரிசு, சிவப்பு. அதற்கடுத்த வருடமும் சிவப்பு. கைராசி என்பார்களே, அது அவளுக்கு அப்படி. குச்சியை நட்டாலும் காய்க்கும். எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. வருடத்துக்கு வருடம் ஒரு ஆசாமி அப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தால் தலைக்கனம் வந்துவிடும், அது அவள் ஆத்மாவுக்கு நல்லதில்லை என்றுதான் கவலைப்பட்டேன். அவளுக்குத் தலைக்கனம் வரவே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஹார்லன் இறந்த வசந்தத்தில்தான் அந்தக் கன்று முளைத்தது. அணில் புதைத்தது. அதை நான் நட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. வெர்லீன் எல்கோவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து, பாத்தி ஓரத்தில் அதைப் பார்த்தாள்.

"ஆர்ஃபா, இது என்னடி புதுசா?"

"சுமாக். வளரட்டும், விடு. இலை உதிர்ற காலத்துல தீ மாதிரி செவக்கும்."

"அவர் போன கையோட வந்திருக்கு பாரு. அவரே அனுப்பி வச்ச மாதிரி இல்ல?"

"இருக்கும்."

நான் சொன்ன பொய் மொத்தம் ஒரு வார்த்தை. பிறகு என் வேலை காத்திருப்பது மட்டும்தான். பொறுமை கடலினும் பெரிது என்பார்கள், உண்மை. வால்நட் வேர் ஒரு நஞ்சைக் கசியும், சோளத்துக்கும் பீன்ஸுக்கும் அது ஒன்றும் செய்யாது, தக்காளி மட்டும் பட்டப்பகலில் தண்ணீர் இருக்கும்போதே துவண்டு விழும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மரம் ஓரளவு வளர்ந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். அதுவரை வருடா வருடம் சிவப்பு ரிப்பனை வாங்கிக்கொண்டு அவளுக்குக் கைதட்டினேன். என்னை மாதிரி ஒருத்தி கைதட்டியிருக்க மாட்டாள்.

இடையில் சின்னச் சின்ன இடைஞ்சல்கள் வந்தன. இலை சிவக்கவில்லை, மஞ்சளாகிக் கொட்டியது. உன் மண்ணுக்கு மஞ்சளாகத்தான் வரும் என்றேன். காஸ் மீட்டர் பார்க்கிற லோவெல் ஒருநாள் பின்பக்கம் போய்விட்டான்.

"ஆர்ஃபா, லோவெல் இதை வால்நட்டுங்கறான்டி."

"காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான் போல."

லோவெல் பாப்டிஸ்ட் திருச்சபையில் டீக்கன், பொறுப்பில் இருப்பவன். வாழ்நாளில் பீர் மூடியைக்கூட முகர்ந்ததில்லை. வெர்லீனுக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்காக ஜெபம் செய்யச் சொல்லிச் சபையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். அந்த வருடமே அவன் டீக்கன் பதவியை விட வேண்டி வந்தது. அது எனக்கு வருத்தம்தான். ஒரு கேக் அனுப்பினேன்.

பிறகு மரம் காய்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்கிறார்கள், எனக்கு வந்தது மரம் நிறையக் காய். டென்னிஸ் பந்து அளவில் பச்சைப் பச்சையாகத் தொங்கின. அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். பூச்சி கட்டின கூடு, கையில் பட்டால் தோல் வெந்துவிடும், நீ தொடாதே, நானே வந்து பொறுக்கிப் போடுகிறேன் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் அவள் தோட்டத்தில் நான்தான் குனிந்து குனிந்து பொறுக்குகிறேன். கிளெட்டஸ், என் வீட்டுக்காரர், அதையெல்லாம் வண்டிப் பாதையில் கொட்டி, லாரியை மேலே ஏற்றி ஏற்றித் தோலை உரித்துக் கொடுப்பார். வால்நட் தோலின் கறை தெரியுமல்லவா, கை கருகின மாதிரி ஆகிவிடும், மாதக்கணக்கில் போகாது. அந்தக் கையைப் பார்த்து வெர்லீன் அழுதாள், தம்பி. மேசையில் இதே இடத்தில் உட்கார்ந்து, என் கையை மடியில் வைத்து, வாசனைக் களிம்பு தடவினாள்.

"என் மரத்தால உன் கை இப்படி ஆயிடுச்சே."

"பரவாயில்லடி. சிநேகிதிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அப்போது அவளுக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக் கொடுத்தேன். அவள் மரத்துக் கொட்டைதான். நன்றாக இருக்கிறது, வால்நட் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டாள். ஒரு தெரிந்தவர் வீட்டில் என்றேன். அது பொய்யே இல்லை.

தக்காளி துவள ஆரம்பித்தது. முதலில் மரத்தை ஒட்டிய வரிசை, அப்புறம் அடுத்தது. தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறாய் என்றேன்; குறைத்தாள். குறைவாக ஊற்றுகிறாய் என்றேன், கூட்டினாள். மண்ணை மாற்றினாள், விதையை மாற்றினாள், செடியோடு பேசிக்கூடப் பார்த்தாள். மரத்தோடும் பேசுவாள், ஹார்லன் என்று நினைத்து. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்களேன் என்று அந்த மரத்திடமே கேட்பாள். ஒரு கட்டத்தில் கண்காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டாள். நீல ரிப்பன் என்னிடம் திரும்பி வந்தது. அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினாள்.

போன குளிர்காலத்தில் இந்த மேசையில்தான் சொன்னாள், நான் தொட்டது எதுவும் பிழைக்க மாட்டேங்குதுடி என்று. ஹார்லன் போனதே அவள் கைராசிதான் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது அவளுக்கு. ஹார்லன் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் குடித்தான், உனக்கென்ன அதில் என்று திட்டினேன். அவள் கேட்கவில்லை.

"இந்த வருஷம் கடைசியா ஒரு தடவை நட்டுப் பாக்கறேன். ரிப்பன் வந்தா, மூணாவது பரிசு வெள்ளையா இருந்தாக்கூட, இங்கயே இருந்துடறேன். வரலன்னா இந்த ஊருக்கு நான் வேணாம்னு அர்த்தம். அக்காகிட்ட போயிடறேன்."

இந்தத் தடவை அவள் பாத்தியில் நடவில்லை. கார் நிறுத்துகிற சிமென்ட் தரையில் பெரிய பெரிய தொட்டி வைத்து, கடையில் வாங்கின மண்ணைப் போட்டு நட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கே தோன்றிய யோசனை. வால்நட் இருக்கிற வீட்டில் உங்கள் அலுவலகம் சொல்கிற வழியும் அதுதானே. நான் வழக்கம்போல உதவி செய்தேன். தொட்டியில் ஈரம் காயாமல் இருக்க மூடாக்குப் போட ஒரு மூட்டைத் தழை அனுப்பினேன். பொடியாக நறுக்கின தழை. என்ன தழை என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டாம்.

ஆனால் செடி வாடவே இல்லை. ஜூலையில் தொட்டி தெரியாமல் காய்த்தது. ஒருநாள் காலை உணவின்போது அதைப் பற்றி ஆச்சரியப்பட்டேன். கிளெட்டஸ் முட்டையை விட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"நீ குடுத்த மூட்டைய நான் மாத்திட்டேன். அவளுக்குப் போனது வைக்கோல்."

"கிளெட்டஸ்."

"என்ன கிளெட்டஸ்? புள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிக்கிட்டு இருக்க, எத்தனை வருஷமா? அந்த லோவெல் முகத்துல என்னால முழிக்க முடியல. போதும், விட்டுரு, ஆர்ஃபா. அவ போயிட்டா காலைல யாரோட காபி குடிப்ப? என்னோடயா?"

அவரோடு காபி குடிக்க முடியாது. உறிஞ்சுவார். அன்று முழுக்க யோசித்தேன். அவர் சொன்னது சரி என்று பட்டது. வெர்லீன் இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வருடம் அவள் ஜெயிக்கட்டும் என்று அன்றே மனதார விட்டுவிட்டேன். இல்லாவிட்டால் உங்களிடம் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருப்பேனா? தெரியாமல் சொல்லிவிட்டேன் தம்பி, கண் மங்கல் என்று சொல்லியிருந்தால் நீங்கள் நம்பிவிட்டுப் போயிருப்பீர்கள்.

சொல்வதென்று ஆனபின் அரைகுறையாகச் சொல்லக் கூடாது. அணில் கொட்டையைப் புதைத்தது உண்மை. ஆனால் புதைத்தது கராஜுக்குப் பின்னால். அங்கேயே வளர்ந்திருந்தால் பாத்திக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஹார்லனை அடக்கம் செய்துவிட்டு அவள் எல்கோ போயிருந்த மாதம், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். ஊற்றினேன். அப்போதுதான் கன்றை ஆணிவேர் அறுபடாமல் தோண்டி எடுத்து, பாத்தி ஓரத்தில் வைத்தேன். வால்நட் கன்று இடம் மாறினால் பிழைப்பது கஷ்டம். என் கைக்குப் பிழைத்தது. கைராசி எனக்கும் இருந்திருக்கிறது பாருங்கள்.

மரத்தை என்ன செய்வது என்று அவள் கேட்டால், அவசரப்பட்டு வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டினாலும் வேர் மட்கும்வரை சில வருடம் மண்ணில் நஞ்சு இருக்கும். அதோடு, அவள் ஹார்லன் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மரம் அது. பாத்தியில் சோளமும் பீன்ஸும் போடட்டும், தக்காளி தொட்டியிலேயே இருக்கட்டும். கொட்டையை அவளே பொறுக்கட்டும். கேக் செய்யும் பக்குவத்தை நான் சொல்லித் தருகிறேன்.

சரி, எழுந்திருங்கள். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், ஆர்ஃபாவே ஒத்துக்கொண்டாள் என்றும் சொல்லுங்கள். என் தொண்டர் அட்டையையும் கொண்டுபோங்கள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவள் ரிப்பனோடு வந்தால் முதல் ஆளாகக் கைதட்டப் போவது நான்தான். என் தக்காளித் தட்டைக் கிளெட்டஸ் விடியற்காலையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். திடல் எட்டு மைல்தான், இப்போது கிளம்பினால் தாராளமாகப் போய்விடலாம்.

ஆமாம், உங்கள் வண்டியை எடுக்க முடியாமல் பின்னால் மறித்து நிற்பது என் வண்டிதான். பழுது என்று வெர்லீனிடம் சொன்னேன், இல்லாவிட்டால் என்னைக் கூட்டிப்போகச் சொல்லியிருப்பாள். நீங்கள் கை கழுவப் போனீர்களே, அப்போது வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கொட்டகைக்குள்ளேயே நின்றால் பேட்டரி வீணாகிவிடும். ஒரு நிமிடம், சாவியை எங்கே வைத்தேன் என்று பார்க்கிறேன். நீங்கள் ஃப்ரிட்ஜ் மேலே பாருங்கள், நான் ரொட்டி டப்பாவில் பார்க்கிறேன். இல்லையா? அலமாரியில் இருக்கும். வேலி வழியாக நடந்து போய் என்ன செய்வீர்கள், அவளிடம் வண்டி இல்லையே. பதறாதீர்கள். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும், பின்படியிலேயே வந்து நின்றுகொண்டிருக்கிறாள். சபைக்குப் போடுகிற நீல உடுப்பு. தட்டை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் கையாட்டினேன். ஐந்தும் ஒரே அச்சாக இருக்கின்றன, தம்பி, இங்கிருந்தே தெரிகிறது. அப்படிப்பட்ட தக்காளியை நான் இதுவரை பார்த்ததில்லை. இழுப்பறையிலும் இல்லை. மேல் மாடியில் பார்த்துவிட்டு வருகிறேன், என் முழங்காலுக்குப் படியேறக் கொஞ்சம் நேரமாகும்.

மேலேயும் இல்லை.

அதோ, தீயணைப்பு நிலையத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுகிறது.

இதோ சாவி. ஏப்ரன் பையில்தான் இருந்திருக்கிறது. போய் அவளை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், தம்பி. பாவம், இந்த நேரத்தில் அவளுக்கென்று ஆறுதல் சொல்ல என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?